தீர்ப்பில் பேங்க் கையெழுத்துப் போடவில்லை

2022 ஜூலையில் ஒரு நாள் மதியம், மகளின் கல்விக் கடனுக்காக ஒரு பேங்கில் உட்கார்ந்திருந்தேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நர்சிங் படிக்கச் சிதம்பரத்தில் இடம் கிடைத்திருந்தது. அட்மிஷன் கடிதம், கட்டண விவரம், சம்பளச் சான்று, ஆதார், பான் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு ஃபைலில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். புதுச்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு காகிதம் குறைகிறது என்று யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

மேலாளர் என் பான் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மேடம், உங்க பேர்ல ஒரு வீட்டுக் கடன் இருக்கே. அஞ்சு மாசமா தவணை கட்டல. சிபில் 571 காட்டுது." கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் சிபில்.

"அது என் வீட்டுக்காரர் கட்டணும் சார். எங்களுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு. கடன் அவர் பொறுப்புன்னு கோர்ட் ஆர்டர்லயே இருக்கு."

ஆர்டரின் நகலும் ஃபைலில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் அதை ஒதுக்கவில்லை. நிதானமாக எல்லாப் பக்கத்தையும் படித்தார். அப்புறம் சொன்னார்: "இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அவர் போட்டிருக்கார், ஜட்ஜ் போட்டிருக்கார். கடன் கொடுத்த பேங்க் போடலையே மேடம்."

அன்று கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை. பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் வீடு நெருங்குகிறது என்று உறைத்தது. பாப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "நாளைக்குப் பேசலாம்டா" என்று மட்டும் சொன்னேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம், "அக்கா, அடுத்த வாரம் கோர்ட்ல கையெழுத்து, அதோட எல்லாம் முடிஞ்சிடும்" என்றாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2002-ல், திருவந்திபுரத்தில். 2019 ஆகஸ்டில் பிரிந்தோம். ஏன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் எங்கள் மகளுக்கும் உரியது. அவர் குடிகாரர் அல்ல, அடிப்பவரும் அல்ல. திருப்பாதிரிப்புலியூரில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். உழைப்பாளி. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் மட்டும் கடைசி வரை வரவில்லை.

2014-ல் செம்மண்டலம் பக்கம் வீடு கட்ட 12 லட்சம் வாங்கினோம். பதினைந்து வருடம், 10.15 சதவீத வட்டி, மாதம் பதின்மூவாயிரம் தவணை. அவர் வருமானம் மட்டும் போதாது என்று பேங்கில் சொன்னதால் என் சம்பளத்தையும் சேர்த்து, என்னையும் கோ அப்ளிகன்ட்டாகப் போட்டார்கள். பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இருபது, இருபத்தைந்து இடம் இருக்கும். கணக்கு எழுதுகிறவள் நான், ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. வீடு கட்டப் போகிறோம் என்ற சந்தோஷம்தான் மனம் முழுக்க இருந்தது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜராகிச் சம்மதம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, காத்திருந்தோம். 2021 செப்டம்பரில் ஆர்டர் வந்தது. வீடு அவருக்கு, மீதிக் கடனையும் அவரே கட்டுவது, மகளின் பேரில் நான்கு லட்சம் போடுவது, மகள் என்னோடு இருப்பது. இவ்வளவுதான். அன்று மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது பதினொரு மணி வெயில். இருவரும் ஒரே மரத்தடியில் நின்று, அவரவர் வண்டிக்குப் போனோம்.

அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மனசு மாறுகிறதா என்று பார்க்கத்தான் சட்டம் அந்த அவகாசத்தைக் கொடுக்கிறது. எங்களுக்கு மாறவில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து பேங்குக்குப் போயிருக்கலாம். "நாங்கள் பிரிகிறோம், கடனிலிருந்து என் பேரை எடுக்க என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டிருக்கலாம். அவர் வருமானத்தை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்குப் பார்த்திருப்பார்கள். போதவில்லை என்றால் வேறு ஒருவரை எனக்குப் பதிலாகச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள், இல்லை வீட்டை விற்றுக் கடனை முடிக்கச் சொல்லியிருப்பார்கள். எது சொன்னாலும் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்திருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் வக்கீல்தான் எனக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 43. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கடனுக்குக் கையெழுத்துப் போட்டால், கொடுத்தவர் முழுப் பணத்தையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பாதி உனக்கு, பாதி எனக்கு என்ற பங்கு கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. கட்டியவர் மற்றவரிடமிருந்து அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம், அது அவர்களுக்குள் நடக்க வேண்டிய வேலை. எங்கள் கோர்ட் ஆர்டர் வருவதும் இந்த இரண்டாவது இடத்தில்தான். நான் கட்டினால் அவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமையை அது எனக்குக் கொடுத்தது. பேங்க் என்னிடம் கேட்பதை அது தடுக்காது. ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தலைகீழாகப் புரிந்திருக்கிறது. நம் சட்டத்தில் கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காகவே புருஷன் வாங்கிய கடன் மனைவியைச் சேர்வதில்லை. கையெழுத்துதான் சேர்க்கிறது. எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டியம்மா சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை. அவர்கள் சட்டத்தில் வேறு மாதிரி. வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கணவனோ மனைவியோ தனியாக வாங்கும் கடன்கூட, அன்றாடத் தேவைக்கான சிறு தொகையாக இருந்தால், மற்றவரையும் சேரும். அதைக் கேட்டு, ஒரே தெருவில் இரண்டு சட்டம் இருக்கிற ஊரில் வேலை செய்துகொண்டு என் சட்டத்தையே தெரிந்துகொள்ளாமல் இருந்தேனே என்று வருத்தப்பட்டேன்.

சரி, வீட்டுக் கடனுக்கு வருகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு அவர் கடை எழுந்திருக்கவே இல்லை. 2022 பிப்ரவரியிலிருந்து தவணை நின்றிருக்கிறது. பேங்க் எனக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறது, ஆனால் செம்மண்டலம் விலாசத்துக்கு. நான் அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் பேங்கில் விலாசத்தை மாற்றவில்லை. செல் நம்பரும் பழையது. என் பேர் எழுதிய மூன்று கடிதங்களை அவர் டிவி ஸ்டாண்டு டிராயரில் வைத்திருந்தார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அதை நான் நம்புகிறேன். ஆனால் தொண்ணூறு நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது. அடுத்து அறுபது நாள் நோட்டீஸ், அப்புறம் வீட்டையே எடுத்துக்கொள்ள 2002-ஆம் வருடச் சட்டத்தில் பேங்குக்கு அதிகாரம் இருக்கிறது. வாராக்கடன் ஆன கணக்கு திரும்பச் சரியாக வேண்டுமென்றால் ஒரு மாதத் தவணையைக் கட்டினால் போதாது, பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும்.

அபராதத்தோடு சேர்த்து 68,000 ரூபாய்க்குச் சற்று மேல். அம்மா வளையல் இரண்டையும் அடகு வைத்து நான்தான் கட்டினேன். என் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்பினேன், ரசீதையும் வாங்கி வைத்தேன். இது வக்கீல் சொல்லிக் கொடுத்தது. யாருக்காகக் கட்டினாலும் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அந்த வக்கீல் இன்னொன்றும் கேட்டார்: "வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டீங்களா?" இல்லை. வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்தைக் கடன் முடிந்த பிறகு எழுதிக் கொடுக்கலாம் என்று டைவர்ஸ் சமயத்தில் விட்டிருந்தோம். வீட்டுப் பத்திரத்தில் என் பேர் இன்னும் இருந்தது. "நல்ல வேளை" என்றார். கடனில் பேர் இருந்து சொத்தில் பேர் இல்லாமல் போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

ஒன்றரை வருடம் தவணையை ஆளுக்குப் பாதியாகக் கட்டினோம். 2024 ஜனவரியில் வீட்டை விற்றோம். வாங்கியவருடைய பேங்கே எங்கள் கடன் பாக்கியை நேராகக் கட்டியது. நான் முன்பு கட்டியதும் மகளுக்குச் சேர வேண்டிய நான்கு லட்சமும் போக, மீதி அவருக்கு. மூலப் பத்திரங்கள் மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டன. கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பதிவு அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, ஈசி என்கிற வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அடமானம் நீங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தூங்கினேன். அந்த வருடம் ஜூலையில் பாப்பாவின் கடைசி இரண்டு வருடத்துக்குக் கல்விக் கடன் கிடைத்தது. முதல் இரண்டு வருடத்தை என் மீதி நகைதான் படிக்க வைத்தது.

நகை என்றதும் நினைவு வருகிறது. என் 11 பவுன் அவர் பேரில் கூட்டுறவு சங்கத்தில் அடகில் இருந்தது. 2021-ல் அரசு ஐந்து பவுன் வரை நகைக் கடனைத் தள்ளுபடி செய்தபோது, அதற்கு மேல் வைத்திருந்ததால் எங்களுக்கு வரவில்லை. அடகுச் சீட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரிடம்தான் நகையைத் திருப்பித் தருவார்கள், யார் கழுத்திலிருந்து கழற்றியது என்று கேட்க மாட்டார்கள். கடைசியில் நாலு பவுன் வந்தது. மிச்சத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

இதுவரை சொன்னது பேங்க் சம்பந்தப்பட்டது. எவ்வளவு கஷ்டம் என்றாலும் அதற்கு ஒரு விதி இருக்கிறது, ஒரு ரசீது இருக்கிறது. என்னை அதிகம் வருத்தியது வேறு இரண்டு கடன்கள். அவை டைவர்ஸ் பேப்பரில் வரவே இல்லை.

ஒன்று, மகளிர் குழுக் கடன். எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு. 2018-ல் என் பங்காக 60,000 வாங்கி அப்படியே அவர் கடைக்குக் கொடுத்தேன். டயரும் டியூபும் வாங்கிப் போட்டார். பிரியும்போது 31,000 பாக்கி. "குழு உன் பேர்லதானே இருக்கு" என்றார். உண்மைதான், அதற்கு மேல் நானும் பேசவில்லை. வக்கீல் ஆபீசில் கடன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது வீட்டுக் கடனை மட்டும் சொன்னேன். குழுக் கடன் எனக்குக் கடனாகவே தோன்றவில்லை, அது எங்கள் தெருப் பெண்களின் விஷயம்.

அம்மா வீட்டுக்கு வந்த புதிதில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழுக் கூட்டத்துக்கும் போகவில்லை. நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடலீஸ்வரர் கோயில் வாசலில் எங்கள் ஊக்குநர் அக்காவைப் பார்த்தேன். காலையில் இட்லி சுட்டு விற்கிறவர். என்னைக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டியா, பாப்பா படிக்கிறாளா என்று கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகத்தான் கேட்டேன், "என் தவணை என்னாச்சுக்கா?"

"நாங்க பாத்துக்கறோம், நீ மொதல்ல தேறி வா."

மாதம் 2,900 ரூபாயைப் பதினொரு பேரும் பங்கு போட்டு, ஆளுக்கு இருநூற்று அறுபது, எழுபது என்று கட்டியிருக்கிறார்கள். ஒருவர் தவணை நின்றாலும் குழுவுக்கு அடுத்த கடன் கிடைக்காது என்பது ஒரு பக்கம். ஆனால் இருநூற்று அறுபது ரூபாய் என்பது அந்த அக்காவுக்கு ஒரு காலை முழுக்க அடுப்படியில் நின்ற காசு. அதில் இன்னொருத்தியின் புருஷனுடைய டயர்க் கடைக் கடன் கழிந்திருக்கிறது. அவருக்கும் எனக்கும் நடுவில் கோர்ட் என்ன பிரித்தாலும், அந்தப் பதினொரு பெண்களுக்கு அதில் என்ன சம்பந்தம்? அடுத்த சம்பளத்திலிருந்து இரண்டு தவணையாகக் கட்டினேன். முதலில் அவர்கள் போட்ட 11,600, அப்புறம் மீதி. அவரிடம் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று என் தோழி இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, பண்ருட்டி மாமா கொடுத்தது. அம்மாவின் தம்பி. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது அவருடைய முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் விழுந்தது. தாத்தா வைத்த பலா மரங்களும் போயின. திரும்ப நட்டு, அது காய்க்கத் தொடங்கிய சமயத்தில், 2017 பொங்கலுக்கு நாங்கள் போய் ஒன்றரை லட்சம் கேட்டோம். கடையைப் பெரிதாக்க. மாமா மறுவார்த்தை பேசவில்லை. அத்தைதான் ஒரு புரோ நோட் எழுதி வாங்கச் சொன்னார். அதில் என் வீட்டுக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

வக்கீலிடம் இதையும் காட்டினேன். "உங்க கையெழுத்து இல்ல. உங்களுக்குச் சட்டப்படி பொறுப்பு இல்ல. அதோட மூணு வருஷமும் தாண்டிடுச்சு, நடுவுல அவர் வட்டியும் கட்டல, புதுசா எழுதியும் தரல. அவர் மேலயும் இனிமே கேஸ் போட முடியாது" என்றார். நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் ஒரு நாள்கூடத் தனியாக அனுபவிக்காத வீட்டுக்குப் பதினைந்து வருடப் பொறுப்பு எனக்கு இருந்தது. என் முகத்தைப் பார்த்துக் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது அதே சட்டம். வக்கீல் சொன்னது சரி. ஆனால் அந்த மனுஷன் டூவீலர் கடைக்காரரை நம்பியா முந்திரிக் காசை எடுத்துக் கொடுத்தார்? அக்கா மகள் கேட்கிறாள் என்று கொடுத்தார்.

பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், இன்றைக்கே எடு என்றேன். உன் பேரில் என்னென்ன கடன் ஓடுகிறது, எங்கே ஜாமீன் போட்டிருக்கிறாய் என்பது அதில் தெரியும். பேங்கில் விலாசத்தையும் செல் நம்பரையும் மாற்று. இரண்டாவது கையெழுத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பேங்குக்குப் போய் வாருங்கள். அப்புறம், ஒரு நோட்டில் சிபிலில் வராமல் போகக்கூடிய கடனையும் எழுது. குழு, சீட்டு, கைமாற்று, அண்ணன் கொடுத்தது, அடகுச் சீட்டு. யார் பேரில் இருக்கிறது, யார் முகத்துக்காகக் கொடுத்தது என்று இரண்டையும் எழுது. அவள் கோர்ட் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறாளாம். போன வாரம் சொன்னாள்.

மாமாவுக்கு மாதம் 4,000 கொடுத்து வருகிறேன். வங்கியில் போட்டால் எடுக்கவே மாட்டார் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேரில் போகிறேன். முதல் முறை போனபோது, "நோட்டுல உம் பேரு இல்லியேம்மா" என்றார். "பணம் எண்ணும்போது எதுத்தாப்ல நான்தானே மாமா உக்காந்திருந்தேன்" என்றேன். அவர் எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். அத்தைதான் வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள். கிளம்பும்போது மாமா ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, கண்டக்டரிடம் சொல்லி சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். இன்னும் 62,000 பாக்கி இருக்கிறது.